எட்டே முக்கால் மணி நேரம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில் பத்துப் பேர் வேலை செய்தார்கள். ஒன்பது பேருக்கு புரோகிராம் எழுதவோ, படம் வரையவோ, இசை சேர்க்கவோ தெரியும். பத்தாவது ஆளுக்கு இதில் எதுவுமே வராது. ஆனால் கேம் ஆடிக்கொண்டிருக்கிற ஒருவர் எந்த நிமிடத்தில் சலித்துப்போகிறார் என்பதை, முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளை எல்லோரும் கடிகார அக்கா என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்த பெயர்தான். நாளடைவில் சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிற வேலை. எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பஸ்ஸிலேயே போய் அளந்துவந்து அட்டவணை போடுவாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், மடியில் அட்டை, கடைசி வரிசையில் ஜன்னலோர சீட். அந்த வேலையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். நெரிசலில் வண்டி நின்றுபோனால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். எட்டு நிமிடத்தில் போகிற தூரத்துக்கு அட்டவணையில் பன்னிரண்டு நிமிடம் போட்டுவிட்டு, டிரைவர் வேண்டுமென்றே வண்டியை உருட்டிக்கொண்டு போனால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். அட்டவணையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரிந்துவிடும். ஒருவர் பிடரியைச் சொறிவார், இன்னொருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் மூடுவார். பின்னாலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக முதுகுகள் நெளிவது தெரியும்.

மழை பெய்த ஒரு காலையில் பஸ்ஸின் ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாதம் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினொரு வருடம் நிமிடக் கணக்கில் வாழ்ந்தவளுக்கு நாலு மாதம் என்பது தலையும் வாலும் இல்லாத ஒரு பொருளாக இருந்தது. மூன்றாம் நாளே வீட்டில் இருந்தவர்கள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தாள். வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பையோடு கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். இன்னொருத்தி நாத்தனார், கணவரின் தங்கை. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் அரை மணி நேரம் கேம் ஆடாமல் தூங்க மாட்டாள். "வார்டுல பார்த்ததை எல்லாம் எங்கயாவது இறக்கி வைக்கணும்ல" என்பாள்.

அவள்தான் தன் அறையிலிருந்த கேம் பெட்டியை வயரோடு தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் கட்டில் எதிரே மாட்டினாள்.

"அண்ணி, ஃபேன் எத்தனை தடவை சுத்துதுன்னு எண்ணிட்டு இருக்காதீங்க. இதைப் புடிங்க."

"எனக்கு இதெல்லாம் வராது."

"ஒடஞ்சது கால்தானே, கை இல்லையே."

முதல் கேமில் ஒரு முதியவர் ஆளில்லாத ஒரு நகரத்தில் தொலைந்துபோன தன் நாயைத் தேடிக்கொண்டு போனார். அவ்வளவுதான் கதை. முதல் நாள் அக்கா அவரைச் சுவரில் முட்டவைத்தாள், குளத்தில் விழவைத்தாள். இரண்டாம் நாள் ஒழுங்காக நடக்கவைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் நாய் கிடைத்தது. மொத்தம் ஆறு மணி நேரம் பத்து நிமிடம். பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்ச் அவள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கணவர் வந்து பார்த்தபோது கன்ட்ரோலரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கால் வலிக்குதா?"

"இல்லீங்க. முடிஞ்சிடுச்சு."

"எது?"

"ஒரு விஷயம் முழுசா முடிஞ்சிடுச்சு. அதான் பார்த்துட்டு இருக்கேன்."

அவர் யோசித்தார். வீட்டு வேலையோ டிப்போ வேலையோ இவள் வாழ்க்கையில் எதுவும் இப்படி முடிந்ததில்லை என்பது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "நல்லாத்தான் இருக்கும் போல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டாவது கேம் நாற்பத்து நாலு மணி நேரம். இடிந்துபோன ஒரு கோட்டையைக் கல் கல்லாகக் கட்டி எழுப்ப வேண்டும். முதல் நாலு மணி நேரம் அக்கா சாப்பாட்டைக்கூட மறந்தாள். கடைசியில் ஆறு மணி நேரம் பிரமாதம். நடுவில் ஒரே சுவரை ஒன்பது நிறத்தில் கட்டவைத்தார்கள். ஒரே காட்டில் ஒரே ஓநாயை எழுபது தடவை அடிக்கச் சொன்னார்கள். எல்லாம் முடிந்து, கொடி ஏறி, ஊரே கூடிக் கைதட்டியபோது அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபேன் இறக்கையில் தூசு படிந்திருக்கிறது, துடைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அவளுக்குக் கோபம் வந்தது. உள்ளே ஒரு நல்ல கேம் இருந்தது, அதை யாரோ பஞ்சடைத்து ஊதவைத்திருக்கிறார்கள் என்ற கோபம். கேம் உறையின் பின்பக்கத்தில் இருந்த கம்பெனி விலாசம் அவள் வீட்டிலிருந்து ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி. நாலு பக்கம் கடிதம் எழுதினாள். எந்த மணி எந்த நிமிடத்தில் கை தளர்ந்தது, எங்கே கொட்டாவி வந்தது, எந்த ஓநாயோடு பொறுமை போனது என்று ஒன்று விடாமல் எழுதி, "உங்கள் கேம் பத்து மணி நேரம். மீதி முப்பத்து நாலு மணி நேரம் யாருடையது என்று தெரியவில்லை" என்று முடித்தாள்.

ஒரு வாரத்தில் கம்பெனி முதலாளி போன் செய்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பேசும்போதே பதற்றம் தெரிகிற குரல்.

"இந்த லெட்டரை எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோங்க. எங்கள்ல ஒருத்தர்கூட எங்க கேமை இவ்வளவு கவனமா ஆடினதில்ல."

"அதான் தெரியுதே தம்பி" என்றாள் அக்கா.

கால் சரியானதும் ஊன்றுகோலோடு மாடியேறிப் போய் வேலையில் சேர்ந்தாள். செய்தி கேட்டுக் கணவர் சிரித்துவிட்டு, "நான் கதை அளக்கறவன்னு ஊரே சொல்லும். கதையையே அளக்கறவ என் பொண்டாட்டின்னு இனிமே சொல்லிக்கலாம்" என்றார்.

அக்காவின் வேலை எளிமையானது. வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்வாள். தையல்காரர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற தபால்காரர், யார் கிடைத்தாலும் சரி. அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஆடுவார்கள். அக்கா பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு குறிப்பு எடுப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, ஏசி மட்டும் உண்டு. அது ஓடினால் உறுமும், நிறுத்தினால் புழுங்கும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அணைத்துப் போடுவாள். அந்தச் சத்த மாற்றத்துக்கு ஆடுகிறவர் திரும்பிப் பார்த்தால் அதையும் குறித்துக்கொள்வாள். கேமுக்குள் இருக்கிறவருக்கு ஏசி கேட்காது என்பது அவள் கணக்கு.

அவள் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் படகுக்காரி கேம் வந்தது.

வெள்ளம் வந்து நாடே மூழ்கிவிட்டது. மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக நிற்கின்றன. ஒரு படகுக்காரி தொலைந்துபோன தன் தங்கையைத் தேடி மலை மலையாகப் போகிறாள். வழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிறாள், அவர்கள் சொல்கிற துப்பை வைத்து அடுத்த மலைக்குப் போகிறாள். கடைசி மலையில் தங்கை இருக்கிறாள். குடும்பம், குழந்தை என்று சௌக்கியமாக இருக்கிறாள். திரும்பி வர மாட்டேன் என்கிறாள். அக்காக்காரி தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு திரும்புகிறாள். முதல் வரைவை ஆடிப் பார்த்த அன்றே கடிகார அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இது நல்ல சரக்கு என்று.

அப்புறம்தான் வினை. கேமைக் கடைகளுக்கும் இணையத்துக்கும் கொண்டுபோகிற விநியோகஸ்தர் ஒருநாள் போனில், முப்பது மணி நேரமாவது இருந்தால்தான் தன் பட்டியலில் முன்வரிசையில் வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார். முதலாளி வெலவெலத்துப்போனார். ஏழாக இருந்த மலைகள் பத்தொன்பது ஆயின. ஒவ்வொரு மலையிலும் நாற்பது சங்கு பொறுக்க வேண்டும், பத்துக் கயிறு முடிய வேண்டும், ஒழுகுகிற படகை மூன்று முறை அடைக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒன்றரை வருடத்தில் கேம் முப்பத்தொரு மணி நேரத்துக்கு வளர்ந்தது.

அக்கா பதினாலு பேரை உட்காரவைத்து ஆடவிட்டாள். நாள் கணக்கில் வந்து வந்து ஆடினார்கள். ஒன்பதாவது மலைக்குள் எட்டுப் பேர் வேறு வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். கடைசிவரை போனவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி நாத்தனார். அவளும் பாதியில், "அண்ணி, உங்க முகத்துக்காகத்தான் ஆடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆடினாள்.

அக்கா குறிப்புகளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

"தம்பி, இது எட்டு மணி நேரக் கதை. முப்பத்தொண்ணுக்கு இழுத்திருக்கோம். கிழிஞ்சிடும்."

"அக்கா, ஜனங்க கேக்கறதே எத்தனை மணி நேரம்னுதான். குடுத்த காசுக்கு நேரம் வரலன்னா திட்டுவாங்க."

"கடைசிவரைக்கும் ஆடாம தூக்கிப் போட்டா மட்டும் பாராட்டுவாங்களா?"

"அது அவங்க இஷ்டம். உள்ள இருக்குன்னு நாம சொல்லிடலாம்ல."

அக்கா அவரையே பார்த்தாள். "நீங்க ஆரம்பத்துலருந்து கடைசிவரைக்கும் ஒரே ஆளா உக்காந்து ஆடினீங்களா?"

முதலாளி மென்று விழுங்கினார். துண்டு துண்டாகப் பார்த்தேன் என்றார். எல்லா மலையும் தனக்கு மனப்பாடம் என்றார். கடைசியில், "இல்ல" என்றார்.

"அப்ப நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டெஸ்ட் ரூமுக்கு வாங்க. போனை வெளியே குடுத்துட்டு வாங்க. அஞ்சு நாள் போதும்."

ஆபீஸே அந்த நாட்களில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. முதலாளி முன்னால், அக்கா பின்னால். முதல் நாள் அவர் உற்சாகமாக ஆடினார். சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அங்கங்கே பெருமூச்சு விட்டார், ஒரு இடத்தில் தானே கைதட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அக்காவின் நோட்டில் இப்படி ஏறியது: பன்னிரண்டாம் மணி, இருபதாம் நிமிடம், முதலாளி காது குடைந்தார். பன்னிரண்டாம் மணி, முப்பத்தொன்றாம் நிமிடம், நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தார். முப்பத்து மூன்றாம் நிமிடம், மறுபடியும் பழைய உயரத்துக்கே இறக்கினார். மூன்றாம் நாள்: பதினாறாம் மணி, இல்லாத போனைச் சட்டைப் பையில் தேடினார். பதினேழாம் மணி, ஏசியை நிறுத்தியதும் திரும்பிப் பார்த்து, "நல்லவேளை, சத்தம் நின்னுது" என்றார். பதினெட்டாம் மணி, பத்தாம் நிமிடம், இருநூற்று அறுபதாவது சங்கைப் பொறுக்கும்போது கண்ணயர்ந்தார். படகு பாட்டுக்குப் பாறையில் மோதிக்கொண்டு நின்றது.

அக்கா எழுப்பவில்லை. பதினோரு நிமிடம் கழித்து அவரே விழித்து, திரையைப் பார்த்து, திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"தூங்கினேன்னா?"

"பதினோரு நிமிஷம்னு."

முதலாளி கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். ஏமாந்துபோனவர் முகமாக இல்லை அது. பல நாளாக உறுத்திக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றியவர் முகம்.

"எட்டு மணி நேரம்னா எதை எதை எடுக்கணும்?" என்று கேட்டார்.

அக்கா பட்டியலைத் தயாராக வைத்திருந்தாள். சங்கு மொத்தமும் போக வேண்டும். கயிறு போக வேண்டும். பன்னிரண்டு மலை போக வேண்டும். கடைசியில் தங்கையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற நாற்பது நிமிடப் பயணமும் போக வேண்டும். அதில் ஒன்றுமே நடக்கவில்லை, தண்ணீரும் துடுப்பும்தான். கடைசிவரை போன மூன்று பேரில் இரண்டு பேர் அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள். அதுவும் அவள் நோட்டில் இருந்தது.

முதலாளி ஒப்புக்கொண்டது ஒரு பாடு என்றால், மலைராணி இன்னொரு பாடு. பத்தொன்பது மலைகளையும் வரைந்த பெண் என்பதால் ஆபீஸில் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்தாறு வயது. செய்தி தெரிந்த அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தபோது திரையை அணைத்துவிட்டு, இருட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பன்னெண்டு மலைக்கா. ஒவ்வொண்ணும் மூணு வாரம். பாறைல பாசி எந்தப் பக்கம் படியும்னுகூட யோசிச்சு வரைஞ்சேன். நீங்க ஒரு பேனாக்கோடு போட்டுட்டீங்க."

அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வராது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பத்தொன்பதுல உனக்குப் பிடிச்ச மலை எது எது? என் பட்டியலை விடு. உண்மையைச் சொல்லு."

மலைராணி விரல் விட்டு எண்ணினாள். மணிக்கூண்டு மலை, வௌவால் மலை, ஒற்றைப் பள்ளிக்கூடம் இருக்கிற மலை என்று வேகமாகப் போனவள், ஏழாவது விரலில் நின்றாள்.

"மீதி?"

"மீதி..." என்று இழுத்தாள். "கேட்டாங்கன்னு வரைஞ்சது."

"அந்தத் துணி காயற மலையைச் சொன்னியே, வீட்டுக்கு வீடு கொடி கட்டி இருக்குமே. அது நான் எடுத்துட்டேன்."

"தெரியும். அதான் ரொம்ப வலிக்குது."

"ஏன் அது வேணும்?"

"தண்ணி வந்து எல்லாம் போனப்புறமும் அங்க யாரோ துணி துவைச்சுக் காயப்போடறாங்கக்கா. அதைப் பார்த்ததும்தான் தங்கச்சி எங்கயோ உயிரோட இருப்பான்னு படகுக்காரிக்கு ஒரு நம்பிக்கை வரும்."

அக்கா நோட்டைத் திறந்தாள். எரிமலைத் தீவை அடித்துவிட்டுத் துணி காயும் மலையைச் சேர்த்துக்கொண்டாள். மலைராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எரிமலை நான் சொன்ன ஏழுல இல்லவே இல்ல" என்றாள். அன்று சாயங்காலம் வெட்டுகிற வேலையை அவளே முதலில் ஆரம்பித்தாள். மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் வரைக்கும் அக்காவிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்டி முடித்த கேம் எட்டு மணி நேரம் ஐந்து நிமிடம் வந்தது. புதிதாகப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். பத்துப் பேர் கடைசிவரை ஆடினார்கள். இரண்டு பேர் ஏசி நின்றதைக் கவனிக்கவே இல்லை. ஆபீஸில் எல்லோரும் அக்காவின் கையைக் குலுக்கினார்கள். அக்காவும் அடக்கமாக எல்லாம் இல்லை, நான்தான் சொன்னேனே என்று சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. ஆடி முடித்தவர்கள் எழுந்து, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உடனே தங்கள் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். முகத்தில் ஒன்றும் தங்கவில்லை. நாயைக் கண்டுபிடித்த மத்தியானம் தான் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அப்படி ஒருவர்கூட உட்காரவில்லை.

நாத்தனாருக்கு லீவு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை வீட்டிலேயே உட்காரவைத்து ஆடவிட்டாள். அவள் ஒரே நாளில் முடித்துவிட்டு, கன்ட்ரோலரைக் கையில் வைத்தபடி திரும்பினாள்.

"அண்ணி, திரும்பி வர்ற வழி எங்க போச்சு?"

"எடுத்துட்டேன். அங்க ஒண்ணுமே நடக்கலையே. நீயே கன்ட்ரோலரைக் கீழ வச்சிட்ட. எழுதி வச்சிருக்கேன்."

"போரடிச்சுக் கீழ வச்சேன்னா எழுதி வச்சிருக்கீங்க?"

"வேற எதுக்கு வைப்பாங்க?"

நாத்தனார் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "வார்டுல சில நாள் ஒருத்தர் போயிடுவாங்க அண்ணி. அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிட்டு, அந்த நீள வராண்டால திரும்பி நடந்து வரணும். அந்த வராண்டா இல்லன்னா அடுத்த நோயாளிகிட்ட என்னால போக முடியாது. இதுலயும் அந்தத் தங்கச்சி வர மாட்டேன்னு சொன்னப்புறம் படகுல சும்மா உக்காந்து வந்தேன் பாருங்க, அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. கண்ணு தெரியல, அதான் கீழ வச்சேன். படகு தானா நீரோட்டத்துல போச்சு. இப்ப என்னடான்னா அவ மாட்டேங்கறா, டப்புனு பேர் ஓடுது. கதவை மூஞ்சில சாத்தின மாதிரி இருக்கு."

அக்கா எழுந்து போய் பழைய நோட்டை எடுத்துவந்தாள். முப்பதாம் மணி, முப்பத்தைந்தாம் நிமிடம், கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள், அசையவில்லை. இப்போதுதான் அந்தக் கடைசி வார்த்தையை ஒழுங்காகப் படித்தாள். அசையவில்லை. சலித்தவர்கள் நெளிவார்கள். காது குடைவார்கள், நாற்காலியை ஏற்றி இறக்குவார்கள். அசையாமல் இருக்க மாட்டார்கள். பதினாலு வருடமாக முதுகு பார்த்துப் பழகியவள், தன் கையால் எழுதியதையே தப்பாகப் படித்திருக்கிறாள்.

"நான் கோட்டை விட்டுட்டேன்" என்றாள்.

"உங்க வாயால இதைக் கேக்கறது இதான் முதல் தடவை. அண்ணனைக் கூப்பிடட்டுமா, அவரும் கேக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

மறுநாள் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அக்கா அதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, திரும்பும் வழியை அப்படியே வையுங்கள், ஒரு நிமிடம் குறைக்காதீர்கள் என்றாள். புரோகிராம் எழுதுகிற பையன்களில் ஒருவன், நாற்பது நிமிடம் வெறும் தண்ணீர்தானே, பாதியாக்கலாமா என்று கேட்டான்.

"வேணாம். முன்னாடி எட்டு மணி நேரம் பேச்சு, ஆளு, சத்தம். அதை இறக்கி வைக்க இந்த நாப்பது நிமிஷம் வேணும். இருபதுன்னா பாதிதான் இறங்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா?"

"தெரியும்" என்றாள். தப்பை ஒத்துக்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, குரல் பழையபடி ஆகிவிட்டது.

கேம் எட்டே முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்து ஆடிய எட்டுப் பேரில் ஆறு பேர் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் வெகுநேரம் கழித்து, "என் தம்பிக்கு ஒரு போன் பண்ணணும்" என்று தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார். மலைராணி கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அக்காவுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

விநியோகஸ்தர் சொன்னபடியே செய்தார். முன்வரிசை கிடையாது, சின்ன கேம்கள் வரிசையில் ஆறாவது பக்கத்தில் போட்டார். முதல் இரண்டு மாதம் யாரும் சீந்தவில்லை. முதலாளி தினமும் காலையில் அக்காவின் மேசை அருகே வந்து நிற்பார், விற்பனைக் கணக்கை வைத்துவிட்டுப் போவார். அக்கா அசரவில்லை. "வாங்கினவங்க முடிக்கறாங்களான்னு மட்டும் பாருங்க" என்பாள். முடித்தார்கள். கோட்டை கேமை வாங்கிய நூறு பேரில் பத்தொன்பது பேர்தான் கடைசிவரை போயிருந்தார்கள். படகுக்காரியை நூற்றுக்கு எழுபத்தொரு பேர் முடித்தார்கள். முடித்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? இன்னொருவரிடம் சொன்னார்கள். நான்காவது மாதத்தில் அது தானாகவே பக்கம் பக்கமாக முன்னேறி, முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தது.

"இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சே" என்று குறைசொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். முதலாளி கவலையோடு அதை அச்செடுத்துக் கொண்டுவந்தார். அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். "தம்பி, பந்தில உக்காந்தவன் இலையை மூடும்போது இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டா, அவன் சமையல்காரனைத் திட்டறான்னு அர்த்தமா?" என்றாள்.

அதற்குப் பிறகு முதலாளி ஒரே போடாக மாறிவிட்டார். சுவரில் பெரிய எழுத்தில், எட்டே முக்கால் மணி நேரம் போதும் என்று அச்சடித்து ஒட்டிவைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேம் என்றால் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த கேம் ஒரு தோட்டம். தரிசாகக் கிடக்கிற நிலத்தில் ஒருவர் மரம் வளர்க்கிறார். அதற்கும் எட்டே முக்கால் என்று திட்டம் போட்டு முதல் வரைவைச் செய்தார்கள். அக்கா மூன்று நாள் ஆடிப் பார்த்தாள். நாலாம் நாள் முதலாளியின் அறைக்குப் போனாள்.

"இதுக்கு எழுபது மணி நேரம் வேணும்."

முதலாளி பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "அக்கா, நீங்கதானே..."

"படகு ஒரு இடத்துக்குப் போகுது. போய்ச் சேர்ந்துட்டு வந்தா முடிஞ்சிடும். இது மரம். நட்ட அன்னைக்கே நிழல் குடுத்தா யாரு நம்புவா? ஆடறவங்க தினமும் வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் தண்ணி ஊத்தணும். ஒரு நாள் வந்து பார்த்தா தலைக்கு மேல வளர்ந்திருக்கணும்."

"அப்ப சுவத்துல எழுதி வச்சிருக்கறது?"

"அது படகுக்காரிக்கு எழுதினது. எடுத்துடுங்க."

அவர் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, தானே கிழித்து எடுத்தார். எழுபது என்று புதிதாக ஒட்டலாமா என்று கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்றாள் அக்கா.

தோட்டம் வெளிவர இரண்டு வருடம் ஆனது. இருபது பேர் மாதக் கணக்கில் வந்து ஆடிப் பார்த்ததில், மரத்தின் நிழல் முழுசாக விழுந்து ஆட்கள் எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது அறுபத்தாறாவது மணி நேரத்தில். அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் சொன்னதில் நாலு மணி நேரம் தப்பு" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, அடுத்த கேமின் முதல் வரைவைத் திறந்தாள்.